இதில் ரசம் ஊற்றலாமா?

"என் கை நடுங்குதும்மா. நிப்பாட்ட ஒரு வழி சொல்லுங்க."

வயிரவன் இப்படித்தான் ஆரம்பித்தார். இரண்டு வருடமாக, செவ்வாய்க்கிழமை தவறாமல் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்.

மடத்தம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்ப நடுங்குது?"

"யாராச்சும் என் கிண்ணத்தைத் தொட்டா."

"நீங்க தொட்டா?"

"நடுங்காது."

"அப்ப நீங்களே தொட்டுக்கங்க."

நறுக்கிய கத்தரிக்காய் தண்ணீருக்குள் போனது. அன்றைய உபதேசம் முடிந்தது.

*

குரு என்றால் தாடி, சிஷ்யன் என்றால் சின்னப் பையன் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மடத்தம்மாவுக்கு வயது முப்பத்தாறு. சொந்தப் பெயர் பொன்னழகி. பழனிக்கு நடந்து போகிறவர்கள் தங்குகிற ஒரு மடத்தில் சமைத்துப் போடுகிறார். சாமியார் இல்லை. யாருக்கும் எதுவும் போதித்ததும் இல்லை.

வயிரவனுக்கு அறுபத்திரண்டு. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி, அங்கே சாப்பிட்டு, "பற்றை விடுறது எப்படிம்மா?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

மடத்தம்மா ஒரு கட்டுக் கொத்தமல்லியை அவர் முன்னால் வைத்தார். "இதை ஆஞ்சு குடுங்க."

ஆய்ந்து கொடுத்தார். அன்றிலிருந்து தன்னை அவருடைய சிஷ்யர் என்று சொல்லிக்கொள்கிறார். மடத்தம்மா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்.

*

கிண்ணங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்லலாம்.

பந்தியில் பரிமாறுகிற கிண்ணங்கள். எல்லாம் பழையவை. நீல விளிம்பு எனாமல், மூடி போட்ட பீங்கான், கைப்பிடி வைத்த பித்தளை. எந்தக் காலத்திலோ ரங்கூனிலிருந்தும் மலாயாவிலிருந்தும் கப்பலில் பெரிய வீடுகளுக்கு வந்தவை. வீடுகள் விலைக்குப் போனபோது காரைக்குடி பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. கடைகளிலிருந்து வயிரவன் வீட்டு அலமாரிக்கு வந்தன.

வயிரவன் பணக்காரர் இல்லை. பணக்காரர்கள் விட்டுப்போனதை வாங்குகிறவர்.

மொத்தம் இருநூற்றுப் பதினாறு. அவர் வீட்டில் சாப்பாடு பரிமாறுவது எவர்சில்வரில்.

*

அடுத்த செவ்வாய்.

"வெள்ளிக்கிழமை என் பேரனுக்குக் காது குத்தும்மா. என் வீட்டுலதான். மக வர்றா. நாலு வருஷம் கழிச்சு வர்றா."

"நல்லது."

"சம்பந்தி ஆச்சியும் வர்றாங்க. அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுவாங்க. எடுத்துப் பார்ப்பாங்க. என் கை நடுங்கும்."

"நாலு வருஷமா மக ஏன் வரலை?"

இது பல தடவை சொன்ன கதை. மடத்தம்மா மறுபடியும் கேட்டார். வயிரவனும் மறுபடியும் சொன்னார்.

"கல்யாணம் முடிஞ்சு முதல் விருந்து. உமையாள் ரசம் பரிமாறுனா. பச்சைக் கொடி போட்ட பீங்கான் கிண்ணம். கையிலேயே ரெண்டாப் பொளந்துருச்சு. சம்பந்தி ஆச்சி பட்டுச்சேலை பூரா ரசம். நான் கத்திட்டேன். 'ஒரு கிண்ணத்தைப் பிடிக்கத் தெரியாத கை என்ன கை'ன்னு கேட்டுட்டேன். எல்லாரும் உக்காந்திருந்தாங்க. அன்னைக்குப் பிடிச்ச நடுக்கம்மா இது."

"ம்."

"அந்தக் கிண்ணத்துக்கு ஜோடி உலகத்துலயே கிடையாது."

மடத்தம்மா அடுப்புக்குக் கட்டை தள்ளினார்.

"வியாழக்கிழமை வாங்க. உங்ககிட்ட இருக்கறதுல கண்ணுக்கு நல்லதா மூணு கிண்ணம் கொண்டாங்க."

"எதுக்கும்மா?"

"பார்க்கத்தான்."

*

வியாழக்கிழமை வயிரவன் மூன்று கிண்ணங்களைப் பழைய வேட்டியில் சுற்றிப் பைக்குள் வைத்து எடுத்துவந்தார். பேருந்தில் உட்காரக்கூட இல்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றே வந்தார்.

அன்று பந்தியில் நாற்பது பேர். சோறு விழுந்துவிட்டது. ரசம் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

மடத்தம்மா முதல் கிண்ணத்தை எடுத்தார். நீல விளிம்பு எனாமல்.

"இதுல ரசம் ஊத்தலாமா?"

"ஊத்தவா? பார்க்கத்தான்னு சொன்னீங்க?"

"பார்த்துட்டேன். ஊத்தலாமா?"

"தாராளமா. இரும்பு மாதிரி. ஒண்ணும் ஆகாது."

மடத்தம்மா அடுப்பிலிருந்து நேராக ஊற்றினார். ஆவி பறந்தது.

"கை?"

வயிரவன் தன் கையைப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியம்.

"நடுங்கலைம்மா."

இரண்டாவது, பித்தளை.

"இதுல?"

"அதுல வேணாம். ஈயம் பூசலை. புளி பட்டாக் களிம்பு ஏறும். சோறு போட்டுக்கங்க."

சோறு போட்டார்.

"கை?"

"நடுங்கலை."

மூன்றாவது, பீங்கான். பால் வெள்ளை. விளிம்பில் ரோஜாப் பூ. உண்மையிலேயே அழகு. அதைப் பார்த்து, பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

மடத்தம்மா அதைத் தொட்டதும் வயிரவன் கை ஆட ஆரம்பித்தது.

இந்த முறை மடத்தம்மா கேட்கவில்லை. அகப்பையை ரசத்தில் விட்டார். முழுசாக மொண்டார். கிண்ணத்துக்கு மேலே கொண்டுவந்து சாய்த்தார்.

"வேணாம்!"

வயிரவன் கையைக் குறுக்கே கொடுத்தார். கொதிக்கிற ரசம் அவர் மணிக்கட்டில் விழுந்தது. கிண்ணத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

மடத்தம்மா அகப்பையைப் போட்டுவிட்டு, அவரைத் தொட்டிப் பக்கம் இழுத்துப்போனார். செம்பில் மொண்டு மணிக்கட்டில் ஊற்றினார். நிறுத்தாமல் ஊற்றினார்.

"எரியுதா?"

"எரியுது."

"ஏன் வேணாம்னீங்க?"

"அடியில ஒட்டு. சூடு பட்டாப் பசை இளகிரும். பொளந்துக்கும்."

"வெளியில ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது. ஒட்டுப் போட்ட பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சிருப்பேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒட்டுனதே நான்தானே! எனக்குத் தெரியாமயா? இருநூத்திப் பதினாறு இருக்கும்மா. எது முழுசு, எது ஒட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

தண்ணீர் நின்றது.

"அன்னைக்கு உமையாள் எடுத்தது?"

வயிரவன் தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டார்.

பந்தியிலிருந்து ஒரு குரல்: "என்னம்மா, ரசம் வருமா வராதா?"

*

என்ன நடந்தது என்றால், இதுதான் நடந்தது.

விருந்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் பச்சைக் கொடிக் கிண்ணம் அலமாரிக் கதவில் மோதி இரண்டாக உடைந்தது. மோதினவர் வயிரவன். இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டினார். யாருக்கும் சொல்லவில்லை.

விருந்தன்று அலமாரியைத் திறந்துவைத்து சம்பந்தி வீட்டாருக்குக் காட்டினார். "என் அலமாரியில ஒட்டுப் போட்டது ஒண்ணு கிடையாது. எல்லாம் முழுசு," என்றார்.

ஐந்து நிமிடத்தில் உமையாள் வந்து, திறந்திருந்த அலமாரியிலிருந்து அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். ரசம் ஊற்றினாள்.

அவர் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இப்போதுதானே எல்லாம் முழுசு என்று சொன்னோம் என்று வாயை மூடிக்கொண்டார். தாங்கிவிடும் என்று நினைத்தார். தாங்கவில்லை.

அப்புறம்தான் கத்தினார். பலமாகக் கத்தினார்.

அன்றிலிருந்து உமையாளுக்கு மாமியார் வீட்டில் ஒரு பெயர் வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் அவள் கையில் எதையும் கொடுப்பதில்லை. கொடுமையெல்லாம் இல்லை. வேடிக்கைதான். நாலு வருடமாக அதே வேடிக்கை.

*

வயிரவன் தொட்டியடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் என்னம்மா செய்யணும்?"

"ரசம் ஊத்தணும். நாப்பது பேர் உக்காந்திருக்காங்க."

எழுந்து போனார். எனாமல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஊற்றினார். இரண்டு சுற்று போனார். ஒரு கிழவர், "நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம்," என்றார். அவருக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

பந்தி முடிந்தது. திரும்பி வந்தார்.

"உமையாளுக்கு ஃபோன்ல சொல்லிரவா?"

மடத்தம்மா எச்சில் இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லாட்டி ஒரு லெட்டர். விவரமா எழுதிர்றேன். அவகிட்ட மட்டும் தனியாக் குடுத்துர்றேன்."

மடத்தம்மா கையைக் கழுவினார்.

"அன்னைக்கு எத்தனை இலை போட்டீங்க?"

"பதினொண்ணு."

மடத்தம்மா கொல்லைக்குப் போனார். வாழையிலை அறுத்து, துடைத்து, சுருட்டி, நாரில் கட்டிக்கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்.

வயிரவன் எண்ணிப் பார்த்தார்.

"பதினொண்ணு இருக்கும்மா. சம்பந்தி ஐயா போன வருஷம் தவறிட்டாங்க."

மடத்தம்மா ஒரு இலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"சரி, ரசம் வைக்கக் கத்துக்கிட்டுப் போங்க. புளியைக் கரைங்க," என்றார்.

*

வெள்ளிக்கிழமை. காது குத்தியாயிற்று. பையன் அழுது முடித்துத் தூங்கிவிட்டான்.

கூடத்தில் பதினோரு இலை. பத்துப் பேர் உட்கார்ந்தார்கள்.

"இது யாருக்கு, சும்மா கிடக்கு?" என்று கேட்டார் அழகம்மை ஆச்சி. உமையாளின் மாமியார். புதுச்சேலை. நல்ல மாம்பழ நிறம்.

"ஐயாவுக்கு, ஆச்சி. அன்னைக்கு அவுகளும் இருந்தாக," என்றார் வயிரவன்.

ஆச்சி கையை நீட்டி அந்த இலையின் ஓரத்தை நீவிவிட்டார். 

சோறு விழுந்தது. பருப்பு விழுந்தது. உமையாள் உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பின்னால் கட்டியிருந்தாள். நாலு வருடப் பழக்கம்.

சாம்பார் முடிந்து ரசம் வருகிற நேரம்.

"ஏப்பா, ரசத்தை உமையா கையில குடுத்துராதீங்கப்பா," என்றார் ஆச்சி. "சேலை புதுசு. எங்க வீட்டுல இவளுக்கு எவர்சில்வர்தான். கீழே போட்டாலும் சத்தம் மட்டும்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். உமையாளும் சிரித்தாள். பழகிய சிரிப்பு.

வயிரவன் சிரிக்கவில்லை. அலமாரிக்குப் போனார். அடித்தட்டிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துவந்து கூடத்துக்கு நடுவில் பிரித்தார்.

பச்சைக் கொடி போட்ட இரண்டு துண்டுகள்.

"எதுக்கு இப்ப அதைப் போய்..." என்றார் அவர் மனைவி சிகப்பி.

"ஆச்சி, இந்த ஓரத்தைப் பாருங்க. மஞ்சளா ஒண்ணு ஓடுதா?"

ஆச்சி குனிந்து பார்த்தார். "ஆமா. என்ன அது?"

"பசை. விருந்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே இதை நான் உடைச்சுட்டேன். நான்தான் ஒட்டி வச்சேன். உமையா எடுத்துட்டுப் போனதைப் பார்த்தேன். ரசம் ஊத்துனதையும் பார்த்தேன். சொல்லலை. எல்லாம் முழுசுன்னு உங்ககிட்ட அப்பத்தான் பீத்தியிருந்தேன். அதனால சொல்லலை."

ஒருத்தரும் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை கையில் அப்பளம் பாதியில் நின்றது.

"அப்ப இவ கை?" என்றார் ஆச்சி.

"அவ கைக்கு ஒண்ணுமில்லை ஆச்சி. நல்ல கை. நான்தான் வாயைத் திறக்கலை. அப்புறம் தேவையில்லாமத் திறந்தேன்."

சொல்லிவிட்டார். இடி விழும் என்று நினைத்திருந்தார். மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான் கேட்டது.

உமையாள் உள்வாசலிலிருந்து பேசினாள்.

"எனக்குத் தெரியும் அப்பச்சி."

வயிரவன் மகளைப் பார்த்தார். "எப்படித் தெரியும்?"

"துண்டைப் பொறுக்கினது யாரு? நான்தானே. விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சு."

"நாலு வருஷமா ஏத்தா சொல்லலை?"

"நான் சொன்னா, உடைச்சுட்டு சமாளிக்கிறான்னு சொல்லுவாங்க." அவள் குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டாள். "நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன். ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டீங்க."

"ஆமாத்தா. ரொம்ப நேரம்."

 

அழகம்மை ஆச்சி புதுச்சேலை முந்தானையை எடுத்து இடுப்பில் சொருகினார். தன் இலையில் சோற்றைக் குவித்து, நடுவில் குழி பண்ணினார்.

"உமையா. அங்க என்ன நிக்கிற? ரசத்தை எடுத்துட்டு வா. பீங்கான்லயே எடுத்துட்டு வா."

உமையாள் பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தாள். அலமாரியை இரண்டு கதவும் விரியத் திறந்தாள்.

"எதை எடுக்க அப்பச்சி?"

ரோஜாப் பூக் கிண்ணத்தில் கை வைத்தாள்.

"அது வேணாம். ஒட்டு."

பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள்.

"அதுவும் ஒட்டு."

மேல்தட்டு.

"அந்த வரிசை பூராவே ஒட்டுதான்த்தா."

"எல்லாம் முழுசுன்னீங்களே!" என்றார் ஆச்சி.

"நாப்பத்தி மூணு ஒட்டு ஆச்சி. போன மாசம் ஒண்ணு சேர்ந்துருச்சு."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் சிகப்பி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அப்புறம் எல்லோரும். தூங்கின பையன் எழுந்துவிட்டான். சீராட்ட ஆளில்லை என்றதும் மறுபடியும் அழ ஆரம்பித்தான்.

"அந்த மூடி போட்டது எடு. நீலப் பூ," என்றார் வயிரவன். "அது முழுசு. சத்தியமா முழுசு."

உமையாள் எடுத்தாள். எத்தனையோ வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்த கிண்ணம். கழுவினாள். ரசம் ஊற்றினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

வயிரவன் தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் கொப்புளம் இருந்தது. கை சும்மா இருந்தது.

உமையாள் ஆச்சியின் இலைக்கு முன்னால் குனிந்தாள். ஒரு அகப்பை. குழி நிறைந்தது. சேலையில் ஒரு பொட்டு விழவில்லை.

அடுத்த இலை சும்மா கிடந்தது. அதன் ஓரத்திலும் ஒரு சொட்டு விட்டாள். அப்புறம் அடுத்தவர், அப்புறம் அடுத்தவர் என்று வரிசையாகப் போனாள்.

ஆச்சி பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். முகம் கோணியது.

"உப்பே இல்லை. யாரு வச்ச ரசம் இது?"

வரிசையின் கடைசியில் உமையாள் அப்படியே நின்றாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பழக்க தோஷம்.

அவள் வாயைத் திறப்பதற்குள்,

"நான்தான் ஆச்சி," என்றார் வயிரவன்.